வேத வாசிப்பும் ஆன்ம விடுதலையும்



எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் பாதையிலே ஒரு தேர் போய்க்கொண்டிருக்கிறது. தேரிலே எத்தியோப்பிய அரசியின் கருவூலத்துக்குப் பொறுப்பான அதிகாரி அமர்ந்திருக்கிறார். அவர் கையிலே ஏசாயா தீர்க்கதரிசியின் சுருள். அக்கால வழக்கப்படி அதை வாய்விட்டுப் படிக்கிறார். பிலிப்பு என்னும் அடியவர் தேரை நெருங்கி, படிப்பது விளங்குகிறதா என்று வினவுகிறார். வழிகாட்ட ஒருவர் இல்லாமல் எப்படி விளங்கும் என்று பதில் வருகிறது. பிலிப்பு தேரில் ஏறி அவர் அருகே அமர்கிறார்.

அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்திலே வரும் காட்சி இது. வேத ஆராய்ச்சி என்று நாம் சொல்லும் முயற்சிக்கு இதைவிட நல்ல சித்திரம் ஒன்றைக் காட்டுவது அரிது. ஒருவர் படிக்கிறார், மற்றவர் விளக்குகிறார், இருவரும் ஒரே ஆசனத்தில் இருக்கிறார்கள். அங்கே மேடையும் இல்லை, பீடமும் இல்லை. கேள்வி கேட்பதற்கு எவரும் அஞ்சவில்லை.

ஆனால் நேயர்களே, வேதாகமத்தின் வரலாறு முழுவதும் இப்படி அமைந்துவிடவில்லை. ஒரே நூலைச் சிலர் கையில் எடுத்து விடுதலை பெற்றார்கள். அதே நூலைக் கையில் எடுத்த வேறு சிலர் பிறரைக் கட்டி வைத்தார்கள். இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது? வேதத்தை வாசிப்பவன் எந்த வகையிலே விடுதலை அடைகிறான்? இன்றைய உரையிலே இதனையே சிந்திக்க எண்ணுகிறேன். நம் தமிழ் வேதாகமத்தின் வரலாறும், பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய சிறிய நிருபமும் இதற்கு நமக்குத் துணைவரும்.

முதலில், சோதித்துப் பார்க்கும் உரிமையை எடுத்துக்கொள்வோம். பவுலடியார் பெரோயா என்னும் பட்டணத்தில் போதித்தபோது, அவ்வூரார் அவர் சொன்னதை ஆர்வத்தோடு கேட்டார்கள். கேட்டதோடு அமையாது, அவர் சொன்னது சரிதானா என்று நாள்தோறும் வேதச் சுருள்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஓர் அப்போஸ்தலரின் வார்த்தையையே சரிபார்த்த இவர்களை, நடபடிகளை எழுதிய லூக்கா குறை கூறவில்லை. மாறாக, அவர்களை நற்குணம் உடையோர் என்று பாராட்டுகிறார். ஐயப்பட்டு ஆராய்வது விசுவாசத்துக்குப் பகை என்று எண்ணுவோர் இந்தப் பகுதியை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இந்த மரபு ஐரோப்பாவிலே நெடுங்காலம் மங்கியிருந்தது. மார்ட்டின் லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியிலே தந்தபோது அது மீண்டும் துளிர்த்தது. 1675இல் ஸ்பேனர் என்னும் போதகர், சாதாரண மக்கள் சிறு குழுக்களாகக் கூடி வேதத்தை வாசித்து உரையாட வேண்டும் என்று எழுதினார். அவர் தொடக்கிய இயக்கத்தின் தாக்கம் ஹல்லே நகரிலே வேரூன்றியது. அங்கே பயின்ற சீகன்பால்க் என்னும் இளைஞர் 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடிக் கரையிலே வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்துநான்கு.

சீகன்பால்க்கை மொழிபெயர்ப்பாளராக மட்டும் அறிந்தவர்கள், அவர் முதலில் ஒரு வாசகராக இருந்ததை மறந்துவிடுகிறார்கள். திண்ணைப் பள்ளியிலே சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர் அவர். 1708இல் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். அதிலே நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் இடம்பெற்றன. அதே ஆண்டின் இறுதியிலே தேனியத் தளபதியோடு ஏற்பட்ட பிணக்கினால் நான்கு மாதம் கோட்டைச் சிறையில் இருந்தார். வெளியே வந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் கதை வரை மொழிபெயர்த்த அவர், 1719இல் முப்பத்தாறு வயதிலே காலமானார். எஞ்சிய பகுதியை அவருக்குப் பின் வந்த சூல்சே நிறைவு செய்தார்.

நம் நாடும் இப்பணியிலே பின்தங்கி இருக்கவில்லை. ஒல்லாந்தர் 1737இல் கொழும்பிலே அச்சகம் நிறுவினர். 1759இல் பிலிப்பு தெ மெல்லோ என்னும் போதகரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு கொழும்பிலே வெளிவந்தது. ஒல்லாந்தச் சபையிலே குருப்பட்டம் பெற்ற முதல் சுதேசி அவர். தமிழர் ஒருவரே தம் மக்களுக்காகச் செய்த மொழிபெயர்ப்பு என்பதனால் அது நாம் மறக்கலாகாத நூல்.

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். வேதம் அச்சேறிய அதே ஒல்லாந்தர் ஆட்சியிலே விசுவாசம் எந்த நிலையில் இருந்தது? 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறப்பித்தனர். அவர்களுடைய சபையிலே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே அரச பதவி. திருமணப் பதிவும் சொத்துரிமையும் பள்ளிக்கூடத் தோம்போடு பிணைக்கப்பட்டிருந்தன. ஆகவே மக்கள் தோம்பிலே பெயர் பதிந்தார்கள். உள்ளம் எங்கே பதிந்திருந்தது என்பதை எந்தத் தோம்பும் காட்டவில்லை. பறங்கியர் காலத்திலே, விரதமிருந்து உண்ட வாழையிலையைக் கூரையிலே செருகி ஒளித்தார்கள் என்று நம் முதியோர் வாய்வழியாகச் சொல்லி வந்த கதை, இந்த நிலையையும் நமக்கு நன்கு உணர்த்தும்.

ஒடுக்கப்பட்ட கத்தோலிக்க மக்களைத் தேடி, 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். இரவு வேளைகளிலே வீட்டுக்கு வீடு சென்று மக்களைத் திடப்படுத்தினார். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அரச பலம் எதுவும் அவர் பக்கம் இருக்கவில்லை. ஆயினும் அவர் கட்டிய சபை நிலைத்தது. மறுபுறத்திலே, 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்ததும், தோம்பிலே கிறிஸ்தவர்களாக இருந்தவர்களிற் பெரும்பாலோர் விரைவிலேயே தத்தம் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினர்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளிது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்திலே ஏற்றுக்கொள்வதற்கும் பொருள் இல்லை. வாசல் அடைபட்டிருக்கும் வீட்டிலே இருப்பவன் விரும்பி இருக்கிறானா, வேறு வழியின்றி இருக்கிறானா என்று யாரால் சொல்ல முடியும்?

நற்செய்தி நூல்களிலே இயேசுநாதர் இந்த வாசலை எப்போதும் திறந்தே வைத்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. யோவான் எழுதிய நூலின் ஆறாம் அதிகாரத்திலே, அவருடைய போதனை கடினமானது என்று சொல்லிச் சீடர் பலர் விலகிப்போகிறார்கள். அவர் அவர்களைத் தடுக்கவில்லை. எஞ்சிய பன்னிருவரையும் பார்த்து, நீங்களும் புறப்பட விரும்புகிறீர்களா என்றே கேட்கிறார். செல்வந்தனான இளைஞன் ஒருவன் துயரத்தோடு திரும்பிப் போனபோதும் அவனைத் துரத்திச் சென்று பேரம் பேசவில்லை. அவனிடத்திலே அன்புகூர்ந்தார் என்று மாற்கு குறிக்கிறார். அன்புகூர்ந்த பின்னும் அவனைப் போகவிட்டார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல.

இங்கே நம் இலக்கிய வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி என் நினைவுக்கு வருகிறது. நல்லூர் ஆறுமுகநாவலர் வெஸ்லியன் மிசனரியான பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே பயின்றார். பின்னர் அங்கேயே ஆசிரியரானார். வேதாகமத்தை நல்ல தமிழிலே பெயர்க்கும் பணியிலே பாதிரியாருக்குப் பல ஆண்டுகள் துணைநின்றார். எபிரேய, கிரேக்க மூலங்களின் பொருளை ஒருவர் சொல்ல, தமிழின் நடையை மற்றவர் சீர்செய்ய, ஒரு கிறிஸ்தவரும் ஒரு சைவரும் ஒரே மேசையிலே அமர்ந்து வளர்த்த நூல் அது. 1850இல் அது வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1847ஆம் ஆண்டின் இறுதி நாளிலே, நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்துவிட்டார். 1848இல் பாதிரியாரின் பாடசாலையை விட்டு விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலிலே, தாம் கற்ற வேதாகமத்தையே எடுத்துக்காட்டி, இஸ்ரவேலரின் ஆலய வழிபாட்டிலும் சைவக் கிரியைகளை ஒத்தவை உண்டு என்று வாதிட்டார்.

கிறிஸ்தவர்கள் சிலர் இதனை ஒரு தோல்வியாகக் கருதலாம். வேதத்தை வரிவரியாகக் கற்ற ஒருவர் அதனை ஏற்காமலே போய்விட்டாரே என்று வருந்தலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலே பெயர் பதிந்து உள்ளத்தை ஒளித்தவனையும், பாதிரியாரின் மேசையிலே நேர்மையாகப் பணிபுரிந்து, பின் தன் மனச்சாட்சி காட்டிய வழியிலே வெளிப்படையாகப் போனவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரில் வேதத்தை மதித்தவர் யார்? அதனைக் கற்று, அதனோடு வாதிட்டு, தம் முடிவை மறைக்காமற் சொன்னவரே மதித்தவர் என்பேன். ஒரு நூலை ஏற்பதும் மறுப்பதும் அதனை உண்மையாக வாசித்தவனுக்கே உரிய உரிமைகள். அந்த மொழிபெயர்ப்பிலே உழைத்த பேர்சிவலும் தமிழை விட்டு விலகவில்லை. தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி விரித்து 1874இல் பெருந்தொகுப்பாக வெளியிட்டார்.

சோதிக்கும் உரிமை, விலகும் உரிமை ஆகிய இரண்டையும் பார்த்தோம். இவற்றோடு விடுதலை முடிந்துவிடுகிறதா? இல்லை என்கிறது கலாத்தியருக்கு எழுதிய நிருபம்.

ஆறே அதிகாரங்கள் கொண்ட இந்த நிருபம் கோபத்தோடு எழுதப்பட்டது. யூதரல்லாத மக்கள் கிறிஸ்துவை ஏற்றபோது, நீங்கள் விருத்தசேதனமும் பெற்றால்தான் முழு அடியவர் என்று சிலர் அவர்களை வற்புறுத்தினர். பவுலடியார் இதை மீண்டும் அடிமை நுகத்தைச் சுமப்பதாகக் கண்டார். நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் எலெயுதெரியா என்னும் கிரேக்கச் சொல்லோடு தொடங்குகிறது. அக்காலத்திலே அடிமைக்கு எதிரான குடிமகனின் நிலையைக் குறித்த சொல் அது. இதனைத் தமிழாக்கியோர் பட்ட பாட்டைப் பாருங்கள். 1871இல் வந்த ஐக்கியத் திருப்புதலின் வழியிலே வளர்ந்த நம் முன்னோர் இவ்விடத்திலே 'சுயாதீனம்' என்று படித்தார்கள். கத்தோலிக்கரும் மற்றைத் திருச்சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் 'உரிமை வாழ்வு' என்கிறது. பேச்சிலே நாம் 'விடுதலை' என்று சொல்கிறோம்.

மூன்று சொற்களும் ஒன்றல்ல. விடுதலை என்றால் கட்டிலிருந்து அவிழ்தல். சுயாதீனம் என்றால் பிறர் வசமாகாமல் தன் வசத்திலே இருத்தல். உரிமை வாழ்வு என்பதிலே வீட்டுப் பிள்ளைக்குரிய உரிமையின் சாயல் இருக்கிறது. பவுலடியார் அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்திலே அடிமையையும் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்துவதை நோக்கினால், இம் மூன்றாவது சொல் எவ்வளவு பொருத்தமானது என்பது புலப்படும். ஆயினும் மற்ற இரண்டையும் நாம் இழந்துவிடக் கூடாது. ஒரு கிரேக்கச் சொல்லுக்குள் இருந்தவற்றை நம் மொழிபெயர்ப்பாளர்கள் தலைமுறைக்கு ஒன்றாக எடுத்து நமக்குக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படிப்பதன் பயன் இதுதான்.

அடுத்து அவர் சொல்வது வியப்பைத் தருவது. இந்த உரிமையை உங்கள் ஆசைகளுக்கு வாய்ப்பாக்காமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்ற கருத்தை வைக்கிறார். அடிமைத்தளையை அறுத்தவர் அடுத்த மூச்சிலே ஊழியத்தைப் பற்றிப் பேசுகிறார். லூத்தர் 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி எழுதிய சிறு நூலும் இந்த இரட்டைப் பொருளையே விரித்தது. அச்சத்தால் வருவது அடிமைத்தனம், அன்பால் வருவது ஊழியம். வெளித்தோற்றத்திலே இரண்டும் குனிந்துதான் நிற்கும். வேறுபாடு உள்ளே இருக்கிறது.

இந்த ஊழியம் எங்கே சோதிக்கப்படுகிறது? உணவு மேசையிலே. நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் அந்தியோகியாவிலே நடந்ததைக் கூறுகிறது. யூதரல்லாதாரோடு ஒன்றாக உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி மேசையை விட்டு விலகினார். மற்றவர்களும் அவரைப் பார்த்து விலகினர். பவுலடியார் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. சாப்பாட்டிலிருந்து எழுந்து போனார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் செயலே நற்செய்திக்கு முரண் என்று பவுலடியார் தீர்த்துச் சொன்னார்.

நேயர்களே, அந்த மேசையிலிருந்து நம் வீட்டுக்கு அதிக தூரம் இல்லை. ஆன்ம விடுதலையைப் பாடிய நம் தமிழ்ச் சபைகளிலே சாதிக்கு ஓர் இருக்கை என்று பிரித்து வைத்திருந்த காலம் உண்டு. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது, தஞ்சைப் பகுதியிலே பலர் அதனை எதிர்த்தனர். இனிய கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வேறுபாட்டை விட்டுக்கொடுக்க மறுத்தவர்களுள் ஒருவர் என்பது நம்மை வருத்தும் உண்மை. இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய குறையன்று. நாவலர் பெருமானும் இவ்விடயத்திலே தம் காலத்தின் கட்டுக்களைக் கடந்தவரல்லர். ஆனால் அந்தியோகியாவின் கதையைக் கையிலே வைத்திருந்தவர்கள் செய்ததனாலே, நம் குறை கூடுதலாகக் கனக்கிறது.

இவ்விடத்திலே கடல் கடந்த ஒரு சான்றையும் சொல்ல வேண்டும். 1807ஆம் ஆண்டு இலண்டனிலே, பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. அதிலே எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தால் நெஞ்சு துணுக்குறும். யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருந்தது. மோசே தம் மக்களை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்ட வரலாறு இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் பேதம் இல்லை எனக் கலாத்தியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் சொல்லும் இடமும் இல்லை. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியுமே அடிமைகளின் கைக்குக் கிடைத்தன.

அந்த நூலைத் தொகுத்தவர்கள் ஒருவகையிலே நல்ல வாசகர்கள். எந்தப் பக்கம் அடிமையை நிமிர்த்தும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்தப் பக்கத்தை நீக்கினார்கள். முழு நூலையும் கையில் வைத்திருக்கும் நாம் என்ன செய்கிறோம்? நமக்கு ஆறுதல் தரும் சங்கீதத்துக்குக் கோடிட்டு வைக்கிறோம். நம் சாதியை, நம் செல்வத்தை, நம் கோபத்தைக் கேள்வி கேட்கும் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறோம். இலண்டனிலே அச்சுக்கூடத்தில் நடந்ததை நாம் நம் கண்களினாலேயே செய்துகொள்கிறோம். நம்மிலே பலருடைய வேதாகமமும் இப்படிச் சுருங்கிய வேதாகமந்தான்.

ஆகவே, ஒரே நூல் எப்படிக் கட்டவும் அவிழ்க்கவும் செய்கிறது என்று தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பிறரை அளப்பதற்காக வேதத்தை வாசிப்பவன் கையிலே அது விலங்காகிறது. தன்னை அளக்க அதற்கு இடம் கொடுப்பவனுக்கு அது திறவுகோலாகிறது. பெரோயா ஊரார் போலச் சோதித்து வாசிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் எழுந்து போக விரும்பினால் அவனை மதித்து வழிவிட வேண்டும். நம்மோடு இருப்பவனுக்கோ மேசையிலே சம இடம் கொடுக்க வேண்டும். இம் மூன்றும் சேர்ந்ததே ஆன்ம விடுதலை. ஒன்று குறைந்தாலும் அது முழுமை பெறாது.

எத்தியோப்பிய அதிகாரியின் கதை எப்படி முடிகிறது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வழியிலே தண்ணீரைக் கண்டதும், தான் ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று கேட்டவர் அவரே. பிலிப்பு அவரை வற்புறுத்தவில்லை. கரையேறிய பின் பிலிப்பு அங்கே இல்லை. அந்த அதிகாரி தமது ஆசிரியர் எங்கே என்று கலங்கவில்லை. மகிழ்ச்சியோடு தம் வழியே போனார். நல்ல வேத ஆசிரியனின் பணி அவ்வளவுதான். அருகே அமர்ந்து விளக்க வேண்டும், பிறகு விலகிவிட வேண்டும். சுருளும் பாதையும் வாசித்தவனுக்கே உரியவை.

இன்றிரவு உங்கள் வீட்டு வேதாகமத்தை எடுப்பீர்களாயின், கலாத்தியர் நிருபத்தைத் திறந்து பாருங்கள். அரை மணி நேரத்திலே படித்து முடித்துவிடலாம். எந்த இடத்திலே உங்கள் கண் வேகமாக ஓட விரும்புகிறதோ, அந்த இடத்திலே சற்றுத் தரித்து நில்லுங்கள்.